ஆச்சிக்கு 111 வயசுன்னு கார்டுல இருக்கு, இதை எப்படி நிரூபிக்கிறது?

குற்றாலச்சாரல்:

வணக்கம் மக்களே, கொஞ்சம் பெரிய போஸ்ட், பொறுத்துக்கோங்க. தென்காசி பக்கம் எங்க ஊர்ல எங்கப்பாவைப் பெத்த ஆச்சி இருக்காங்க. ரேஷன் கார்டு, ஓட்டர் ஐடி, ஆதார் எல்லாத்துலயும் 1914ன்னு இருக்கு, கணக்குப்படி 111. ஒரு காது சுத்தமா கேக்காது, கண்ணு மங்கல், மத்தபடி வெத்தலைய இடிச்சுக் குடுத்தா வாயில போட்டுக்கிட்டு திண்ணையில உக்காந்து போறவன் வர்றவன் எல்லாரையும் "எந்த ஊருல, யாரு மவன்"னு விசாரிச்சுக்கிட்டு இருப்பாங்க. போன பார்லிமென்ட் எலெக்‌ஷன்ல ஆபீசருங்க வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கிட்டுப் போனாங்க, அதுல இருந்துதான் எல்லாம் ஆரம்பிச்சுது.

பெரியப்பா பேரன் ஒருத்தன் இருக்கான், அவன் இப்ப கின்னஸ்க்கு எழுதிப் போடுவோம்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். "தமிழகத்தின் மூத்த குடிமகள்"னு ஃப்ளெக்ஸ் டிசைன் வரைக்கும் பண்ணிட்டான், பத்திரிகைக்காரங்க ரெண்டு பேரு போன்ல கேட்டாச்சு. எனக்கு என்னன்னா, நெசமாவே 111ன்னா சந்தோசம், ஆனா நாளைக்கு எவனாவது நோண்டி இது பொய்யின்னு எழுதிட்டா அந்த வயசான மனுஷிக்குத்தான அசிங்கம்.

கார்டுங்களைத் தவிர எங்ககிட்ட இருக்கறது ஒரே ஒரு ஜாதகம், ட்ரங்குப் பெட்டிக்குள்ள பழைய பத்திரங்களோட சுருட்டி வச்சிருந்துச்சு. ஆனந்த வருஷம் ஆவணி மாசம்னு இருக்கு. ஜோசியர் ஒருத்தர் பாத்துட்டு 1914 தான்னு சொல்லிட்டார். ஆச்சி பள்ளிக்கூடமே போனதில்ல. இதை வச்சு அப்ளை பண்ண முடியுமா, வேற என்ன கேப்பாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழையபேப்பர்:

தம்பி, முதல்ல ஆச்சிக்கு ஒரு கும்பிடு சொல்லிடுங்க.

கின்னஸ்ல 111 வயசுக்குன்னு தனியா பட்டம் கிடையாது. உலகத்துலயே மூத்தவர், மூத்த ஆண், இப்படித்தான் இருக்கும். 2025 ஏப்ரல் 30ல பிரேசில் கன்னியாஸ்திரி இனா கனபாரோ லூகாஸ் 116 வயசுல இறந்தப்புறம் அந்தப் பட்டம் இங்கிலாந்துல எத்தல் கேட்டர்ஹாம்ங்கற அம்மாவுக்குப் போச்சு, அவங்க பிறந்தது 1909 ஆகஸ்ட் 21. (அந்தம்மா 18 வயசுல நம்ம இந்தியாவுக்கு வந்து ஒரு பிரிட்டிஷ் ராணுவக் குடும்பத்துல பிள்ளைங்களைப் பாத்துக்கிட்டு இருந்தவங்களாம்.) அதனால கின்னஸை விட்ருங்க. ஆனா 110 தாண்டினவங்களை சூப்பர்சென்டினேரியன்னு சொல்லி தனியா சரிபார்த்து லிஸ்ட்ல ஏத்தற குழுக்கள் இருக்கு. ஜெரான்டாலஜி ரிசர்ச் குரூப் 1990ல இருந்து இந்த வேலையைப் பண்ணுது, சமீபத்துல லாஞ்செவிக்வெஸ்ட்னு ஒண்ணும் வந்திருக்கு. அவங்க கேக்கறது ஏறக்குறைய ஒரே மாதிரிதான். சின்ன வயசுல எழுதின ஒரு ரெக்கார்டு வேணும், அதாவது பிறப்புப் பதிவு, ஞானஸ்நானப் பதிவு, சென்சஸ் தாள், பள்ளிக்கூட ரெஜிஸ்டர் இப்படி ஏதாவது, மிஞ்சிப்போனா இருபது வயசுக்குள்ள எழுதினதா இருக்கணும். நடு வயசுல ஒண்ணு, கல்யாணப் பதிவு மாதிரி, பேரு மாறியிருந்தா அந்த மாற்றம் தெரியற மாதிரி. அப்புறம் இன்னைக்கு இருக்கற அடையாள அட்டை. இந்த மூணும் ஒரே ஆளைத்தான் சொல்லுதுன்னு சங்கிலி அறுபடாம காட்டணும்.

உங்ககிட்ட இருக்கற மூணு கார்டும் உண்மையில ஒரே கார்டுதான். என்னைக்கோ ஒரு நாள் ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவர் வாசல்ல நின்னு "பாட்டிக்கு என்ன வயசு"ன்னு கேட்டிருப்பார், வீட்ல யாரோ ஒருத்தர் ஒரு நம்பர் சொல்லியிருப்பாங்க. அதைப் பாத்து ஓட்டர் ஐடி, ஓட்டர் ஐடியைப் பாத்து ஆதார். ஆதார்ல வெறும் வருஷம்தான இருக்கு, இல்ல ஜனவரி 1ன்னு இருக்கா? ஆதாரை பிறந்த தேதிக்கு சாட்சியா எடுத்துக்க முடியாதுன்னு 2024ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. முதியோர் பென்ஷன் கிடைக்கணும்னு எத்தனை வீட்ல பத்து வயசு கூட்டிப் போட்டிருக்காங்கன்னு நான் சொல்லித் தெரிய வேண்டாம்.

ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, ஆச்சியோட பிள்ளைங்க எத்தனை பேரு, மூத்தவர் எப்ப பிறந்தார், கடைசி எப்ப? பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்ல இருக்கற வருஷத்தைப் பாத்துச் சொல்லுங்க, வாயில சொல்றது வேண்டாம்.

கம்பங்கூழ்:

எதுக்கெடுத்தாலும் சந்தேகப்படறதே சில பேருக்கு வேலையாப் போச்சு. அந்தக் காலத்துல கம்பு, கேவுரு, ஆட்டுக்கல்லுல அரைச்ச மாவு, வயல்ல உழைப்பு, ஏன் 111 இருக்க முடியாது? வாரணாசியில சிவானந்தா சாமிக்கு 2022ல பத்மஸ்ரீ குடுத்தப்ப 125 வயசு, பாஸ்போர்ட்லயே 1896ன்னு இருந்துச்சு. கவர்மென்ட்டே ஒத்துக்கிச்சு, உங்களுக்கு என்ன?

பழையபேப்பர்:

அந்தப் பெரியவர் 2025 மே மாசம் காலமாயிட்டார், அவரைக் குறை சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல, பத்மஸ்ரீயும் யோகாவுக்குக் குடுத்ததுதான், வயசுக்கு இல்ல. பாஸ்போர்ட் ஆபீஸ் 1896ல ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு எழுதல, கைல குடுத்த பேப்பரைப் பாத்துத்தான் எழுதுச்சு. வயசை சரிபார்க்கற எந்தக் குழுவும் அதை ஏத்துக்கல.

கம்பங்கூழ் சொல்றதுக்கு எக்வடார்ல வில்கபாம்பாங்கற மலைக் கிராமத்தைப் பாருங்க. 1970 வாக்குல அலெக்சாண்டர் லீஃப்ங்கற அமெரிக்க டாக்டர் அங்க போனார், கிழவனார் ஒருத்தர் 121ன்னாரு, இன்னும் பல பேரு நூறைத் தாண்டிட்டோம்னாங்க, 1973ல நேஷனல் ஜியாகிரபிக்ல பெரிய கட்டுரையா வந்துச்சு, நல்ல தண்ணி, மலைக்காத்து, எளிமையான சாப்பாடு அது இதுன்னு. சில வருஷம் கழிச்சு லீஃப் திரும்பப் போனா, நடுவுல போன வருஷத்தைவிட அந்தப் பெரியவருக்கு வயசு அதிகமா ஏறியிருக்கு! அப்புறம் மஸெஸ், ஃபோர்மன்னு ரெண்டு பேரு சர்ச்சு பிறப்புப் பதிவேட்டையெல்லாம் புரட்டி 1979ல எழுதினாங்க, நூறு தொட்டவங்க ஒருத்தர்கூட இல்ல, இருக்கறதுலயே அதிக வயசு 96. அறுபது எழுபதைத் தாண்டினதும் கொஞ்சம் கொஞ்சமா கூட்டிச் சொல்ற பழக்கம், அதோட தாத்தா பேரு, சித்தப்பா பேரு, பேரன் பேரு எல்லாம் ஒண்ணா இருக்கறதால யாரு பதிவு யாருதுன்னே குழப்பம். காத்தும் கஞ்சியும் நல்லதுதான், நான் அதை மறுக்கல.

புள்ளியியல் வாத்தி:

நடுவுல வந்ததுக்கு மன்னிக்கணும், இந்தக் கணக்கு எனக்குப் பிடிச்ச கணக்கு. கற்பனையா வச்சுக்கோங்க, நெசமாவே 90 வயசு ஆனவங்க 10,000 பேரு இருக்காங்க. அவங்களோட, உண்மையில 70 தான் ஆனா ரெக்கார்டுல 90ன்னு தப்பா ஏறினவங்க வெறும் 100 பேரு. நூத்துல ஒண்ணு, யாரும் கண்டுக்க மாட்டாங்க. இருபது வருஷம் ஓடட்டும். நெசமான 90ல இருந்து 110 தொடறது பத்தாயிரத்துல ஒண்ணு ரெண்டு பேருதான். ஆனா அந்த 70 வயசுக்காரங்க 90 தொடறது சாதாரண விஷயம், நூறுல இருபது இருபத்தஞ்சு பேராவது இருப்பாங்க. இப்ப உங்க 110 வயசு லிஸ்ட்டைத் திறந்து பாருங்க, ரெண்டு பேரு நிஜம், இருபத்தஞ்சு பேரு ரெக்கார்டுத் தப்பு! யாரும் திட்டம் போட்டு ஏமாத்த வேண்டிய அவசியமே இல்ல, க்ளார்க்கு பேனா ஒரு தடவை வழுக்கினா போதும்.

இந்தியாவுல இது நல்லாவே தெரியும். 2011 சென்சஸ்ல நூறும் அதுக்கு மேலும்னு சொன்னவங்க 6 லட்சத்துக்கும் மேல. அதே வருஷம் ஜப்பான்ல நூறு வயசுக்காரங்க 47 ஆயிரம் சொச்சம். நம்ம ஆயுசும் அவங்க ஆயுசும் தெரிஞ்சவங்களுக்கு இதுக்கு மேல சொல்லணுமா? அமெரிக்காவுல சோஷியல் செக்யூரிட்டிங்கற பென்ஷன் துறை ஆவணத்துல 112 தாண்டியும் இறந்ததா குறிக்கப்படாம இருந்த நம்பருங்க 65 லட்சம்னு 2015ல அவங்க ஆடிட்லயே வந்துச்சு. சால் நியூமன்னு ஒரு ஆராய்ச்சியாளர், அமெரிக்க மாநிலங்கள்ல பிறப்புச் சான்றிதழ் முறை வந்ததுக்கப்புறம் 110 தாண்டினவங்க எண்ணிக்கை 69ல இருந்து 82 சதவீதம் வரைக்கும் விழுந்துச்சுன்னு காட்டினார், 2024ல அவருக்கு இக் நோபல் (முதல்ல சிரிக்க வச்சு அப்புறம் யோசிக்க வைக்கற ஆராய்ச்சிக்குக் குடுக்கற வேடிக்கைப் பரிசு) குடுத்தாங்க. மக்கள்தொகை ஆய்வாளர்கள் நிறைய பேரு அவரோட இன்னும் சண்டை போட்டுக்கிட்டுதான் இருக்காங்க, சரிபார்த்த லிஸ்ட்டையும் சரிபார்க்காத லிஸ்ட்டையும் கலக்கறார்னு. எனக்கு ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் தெரியுது.

டோக்கியோ தமிழன்:

ஜப்பான் பேரு அடிபட்டதால வந்தேன். இங்க ரெக்கார்டு பக்காவா இருக்கும்னு நெனைக்கிறீங்க, 2010 ஜூலையில அடாச்சி வார்டுல நடந்ததைக் கேளுங்க. சோகென் காட்டோன்னு ஒருத்தர், டோக்கியோவுலயே மூத்த ஆணுன்னு லிஸ்ட்ல இருந்தவர், 111. முதியோர் தினம் செப்டம்பர்ல வரும்ல, அதுக்கு முன்னாடி நேர்ல பாத்து வாழ்த்தணும்னு வார்டு ஆளுங்க போனா வீட்ல ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. கடைசியில போலீஸோட உள்ள போனா கட்டில்ல ஒடம்பு காஞ்சுபோயிக் கிடக்கு. மனுஷன் செத்தது 1978 வாக்குல, 32 வருஷம்! "உயிரோட புத்தராகப் போறேன்"னு அவரே அறைக்குள்ள போயிட்டார்னு வீட்ல சொன்னாங்க, ஆனா பென்ஷன் மட்டும் வந்துக்கிட்டே இருந்திருக்கு, மகளுக்கும் பேத்திக்கும் மோசடி வழக்குல தண்டனை ஆச்சு.

அதுக்கப்புறம் நாடு முழுக்கத் தேடினா குடும்பப் பதிவேடு இருக்குல்ல, கோசெகின்னு சொல்வாங்க, அதுல நூறு தாண்டியும் இருக்கற இடம் தெரியாதவங்க 2 லட்சத்து 34 ஆயிரத்துக்கும் மேல. 1810ல பிறந்த ஒருத்தர்கூட ரெக்கார்டுல உயிரோட இருந்தார். யுத்தத்துல செத்தவங்க, பிரேசில் பக்கம் போனவங்க, யாரும் வந்து சொல்லாததால பேரு அடிக்கப்படல. ஆனா இதை வச்சு ஜப்பான் நூறு வயசுக் கணக்கே பொய்யின்னு யூட்யூப்ல உருட்டறாங்களே, அது வேற ரெஜிஸ்டர். செப்டம்பர்ல வெளியிடற எண்ணிக்கை குடியிருப்போர் பதிவேட்டுல இருந்து வர்றது, வரி, இன்சூரன்ஸ், ஆஸ்பத்திரி எல்லாம் அதோட கட்டியிருக்கும். 1963ல 153 பேரு, 2025ல 99,763. நூறு ஆனவங்களுக்கு கவர்மென்ட் வெள்ளிக் கிண்ணம் குடுக்கும், ஆளு பெருகிப்போச்சுன்னு இப்ப முலாம் பூசினதுதான் குடுக்கறாங்க, அது ஒரு சோகம்.

உங்க ஆச்சி கதைக்கு எனக்கு ஞாபகம் வர்றது வேற ஒருத்தர். ஷிகெச்சியோ இசுமி, டோக்குனோஷிமா தீவுக்காரர், 1865ல பிறந்ததா பதிவு, 1986ல செத்தப்ப 120. கின்னஸ்ல பல வருஷம் அவர்தான் உலகத்துலயே அதிக நாள் வாழ்ந்த ஆணு. அப்புறம் சந்தேகம் கிளம்புச்சு, அந்தப் பிறப்புப் பதிவு சின்னதுலயே செத்துப்போன அண்ணனோடதா இருக்கலாம், அதே பேரைத் தம்பிக்கு வச்சிட்டாங்க, நெஜ வயசு 105 தான் இருக்கும்னு. இப்ப அந்த ரெக்கார்டை யாரும் ஏத்துக்கறதில்ல, 2013ல 116 வயசுல இறந்த ஜிரோஎமோன் கிமுராதான் ஆண்கள்ல முதல் இடம். பேப்பர் அசல்தான் ஆனா ஆளு வேற, இந்த மாதிரி கேஸுல மோப்பம் பிடிக்கறதே கஷ்டம்.

ஜாதகப்பொட்டி:

ஆனந்த வருஷம்னு மட்டும் இருந்தா அறுபது வருஷத்துக்கு ஒருக்கா வரும், 1854, 1914, 1974. கட்டத்தைப் போட்டோ எடுத்துப் போடுங்க. சனியும் குருவும் அறுபது வருஷத்துல கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வந்துடும், அதை மட்டும் வச்சு ஒண்ணும் பிரிக்க முடியாது. ராகு கேது அப்படி இல்ல, பதினெட்டரை வருஷச் சுத்து, அறுபது வருஷத்துல ரெண்டு மூணு ராசி தள்ளி நிக்கும். அதை வச்சு எந்த ஆனந்தன்னு அடிச்சுச் சொல்லிடலாம். ஆனா ஒரு விஷயம் கவனிங்க, பழைய ஜாதகத்துல குழந்தை பேரு எழுதியிருக்கா? பாதி ஜாதகத்துல "இன்னாருக்கு ஸ்திரீ ஜனனம்"னுதான் இருக்கும், பேரு வைக்கறதுக்கு முன்னாடியே எழுதி வாங்கிடுவாங்க.

குற்றாலச்சாரல்:

எல்லாருக்கும் நன்றி, வீட்ல போய்க் கிளறினேன். ஜாதகத்துல பேரு இல்ல, ஆச்சியோட அப்பா பேரு மட்டும்தான் இருக்கு, அப்புறம் ஸ்திரீ ஜனனம். போட்டோ ஜாதகப்பொட்டி அண்ணனுக்கு இன்பாக்ஸ்ல போட்டுட்டேன்.

பிள்ளைங்க ஆறு பேரு. மூத்தது பெரியப்பா, அவரு இல்ல இப்ப, பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டுல 1945. எங்கப்பா 1956. கடைசி சித்தப்பா எஸ்எஸ்எல்சி புக்குல 1966 ஜூன்.

அப்புறம் ஆச்சிகிட்ட கேட்டா ஒவ்வொரு நாளைக்கு ஒரு பதில். "எங்கப்பா தோளுல உக்காந்து காந்தியப் பாத்தேம்ல, கூட்டத்துல ஒரு செருப்பு போயிட்டு" இதை மட்டும் எப்ப கேட்டாலும் மாத்தாம சொல்லுதாவ. கல்யாணம் எப்பன்னு கேட்டா யுத்தத்துல அரிசி கெடைக்காத வருஷம்னு சொல்லுதாவ. கூடப் பொறந்தவங்க பத்திக் கேட்டப்பதான் அத்தை ஒண்ணு சொன்னாங்க, ஆச்சிக்கு முன்னாடி ஒரு பொண்ணு பொறந்து தவறிடுச்சாம், அந்தப் பேரைத்தான் ஆச்சிக்கு வச்சாங்களாம். டோக்கியோ அண்ணே நீங்க எழுதினதைப் படிச்சிட்டு இதைக் கேட்டதும் எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு.

பழையபேப்பர்:

1914ன்னா கடைசிச் சித்தப்பாவைப் பெத்தப்ப ஆச்சிக்கு 52, மூத்தவரைப் பெத்தப்ப 31. அந்தக் காலத்துல நம்ம ஊர்ல 31ல தலைப்பிள்ளை, 52ல கடைசிப் பிள்ளை, ரெண்டும் ஒரே ஆளுக்கு நடக்குமா? எஸ்எஸ்எல்சி தேதி வாத்தியார் போட்ட தேதியாத்தான் இருக்கும், ஜூன்ல பாதி ஊரு பொறந்திருக்கும், கையை தலைக்கு மேல சுத்தி எதிர்க் காதைத் தொட்டா அஞ்சு வயசுன்னு சேத்துக்கிட்ட காலம். ஆனா அதுல ரெண்டு வருஷம் முன்னப் பின்ன இருக்கும், பத்து வருஷம் இருக்காது.

காந்தி விஷயம் நல்ல பிடி, ஆனா காந்தி தென் மாவட்டங்களுக்கு 1927லயும் வந்தார், 1934லயும் வந்தார். தோள்ல உக்காந்த வயசு நாலுல இருந்து ஆறுன்னு வச்சா பிறந்தது 1921லருந்து 23க்குள்ள, இல்லன்னா 1928லருந்து 30க்குள்ள. யுத்தப் பஞ்சத்துல கல்யாணம், 1945ல தலைப்பிள்ளை. ரெண்டுமே ஒத்துப்போகுது, முதல் கணக்குன்னா 22, 24 வயசுல பெரியப்பா, 43, 45ல சித்தப்பா, ரெண்டாவதுன்னா 15, 17ல பெரியப்பா, 36, 38ல சித்தப்பா. 1914ல பிறந்திருந்தா 1927லயே 13 வயசுக் கொமரு, அப்பன் தோள்ல ஏத்திக்கிட்டுப் போயிருப்பாரா?

அதனால என் கணிப்பு, ஆச்சிக்கு இப்ப 95ல இருந்து 104க்குள்ள ஏதோ ஒண்ணு. 111 இல்ல. கோவிச்சுக்காதீங்க.

மலர்விழி_கோவை:

இவ்ளோ நோண்டினா அந்த 122 வயசு பிரெஞ்சு பாட்டி மட்டும் எப்படி தப்பிச்சாங்க? அதுவும் பொய்யின்னு ரஷ்யாக்காரன் ஒருத்தன் நிரூபிச்சிட்டான்னு படிச்சேனே.

பழையபேப்பர்:

நிரூபிக்கலம்மா, குற்றச்சாட்டு வச்சாங்க. ழான் கல்மான், ஆர்ல் ஊரு, 1875 பிப்ரவரி 21ல பிறந்து 1997 ஆகஸ்ட் 4ல இறந்தாங்க, 122 வருஷம் 164 நாள். பிறப்புப் பதிவு, ஞானஸ்நானம், கல்யாணம், அந்த ஊரு சென்சஸ்ல வரிசையா பேரு, எல்லாம் இருக்கு. ழான்-மரி ரொபின், மிஷேல் அல்லார்னு ரெண்டு பேரு அவங்களோட உக்காந்து பேசி, பள்ளிக்கூட வாத்தியார் பேரு, வீட்ல வேலை பாத்தவங்க பேருன்னு கேட்டு ஆவணத்தோட ஒத்துப் பாத்தாங்க.

2018ல நிகொலாய் ஸாக்னு ஒரு ரஷ்யக் கணிதக்காரர் சொன்னது என்னன்னா, 1934ல செத்தது மக இவோன் இல்ல, அம்மா ழான்தான். வாரிசுச் சொத்துக்கான வரி கட்டாம இருக்க மக அம்மா பேருல வாழ்ந்துட்டா, அப்ப 1997ல செத்தவளுக்கு 99தான்னு. கேக்கறதுக்கு சீரியல் மாதிரி நல்லாத்தான் இருக்கு. ஆனா இவோனுக்கு ஒரு புருஷன், சின்னப் பையன், ஊர் முழுக்கத் தெரிஞ்ச கடைக்காரக் குடும்பம், அத்தனை பேரும் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும், மருமகன் மாமனாரோட அறுபது நாள் இல்ல, வருஷக்கணக்கா அந்த நாடகத்தை ஆடியிருக்கணும். 2019ல ரொபின் குழு வரிசையா பதில் எழுதினாங்க. என் கட்சி அவங்க பக்கம்தான். ஸாக் சொன்னதுல எனக்கு உறுத்தறது ஒண்ணே ஒண்ணு, அடுத்த இடத்துல இருக்கற ஜப்பான் கனே தனாகா 119 வருஷம் 107 நாள், நடுவுல மூணு வருஷ இடைவெளி. அந்த வயசுல வருஷத்துக்குப் பாதிப் பேரு போயிடுவாங்க, அப்ப மூணு வருஷம்ங்கறது சாதாரண தூரம் இல்ல.

தீர்க்கறதுக்கு வழி இருக்கு. கல்மானும் அவங்க புருஷனும் சொந்தக்காரங்க, ரெண்டு வழியில ஒறவு. நம்மூர் மாதிரிதான். அப்ப மக ரத்தத்துல அந்தச் சொந்தக் கல்யாணத்தோட அடையாளம் இருக்கும், அம்மா ரத்தத்துல இருக்காது. டிஎன்ஏ பாத்தா ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சிடும்.

அந்தம்மா பத்தி ஒண்ணு சொல்லாம விட்டா மனசு ஆறாது. 1965ல, 90 வயசுல, தன் வீட்டை ஊரு நோட்டரி ரஃப்ரேங்கறவருக்கு எழுதிக் குடுத்தாங்க. உயிரோட இருக்கற வரைக்கும் மாசம் 2,500 ஃப்ராங்க் குடுக்கணும், செத்ததும் வீடு அவருக்கு. அவருக்கு அப்ப 47. முப்பது வருஷம் குடுத்துக்கிட்டே இருந்து 1995ல அவர் செத்துட்டார், அப்புறம் அவர் பொண்டாட்டி குடுத்தாங்க.

கம்பங்கூழ்:

அந்த வீட்டுக் கதை மட்டும் சூப்பர் சார், ஒத்துக்கறேன். ஆனா ஆச்சி விஷயத்துல நான் இன்னும் 111 கட்சிதான்.

ஜாதகப்பொட்டி:

கட்டம் பாத்துட்டேன், 1914 ஆவணிதான், ராகு கும்பத்துல நிக்குது. ஜாதகம் உண்மை. அது யாரு ஜாதகம்னு கிரகம் சொல்லாது, அதை நீங்கதான் கண்டுபிடிக்கணும்.

குற்றாலச்சாரல்:

சரி, மூத்த பொண்ணு ஜாதகமா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு நானும் ஒத்துக்கறேன். ஆனா ஒரு டவுட்டு. 1914ல ஒரு பொண்ணு, அப்புறம் ஆச்சி 1922 இல்ல 28ன்னா நடுவுல எட்டுப் பதினாலு வருஷம் இருக்கே? அத்தைக்கு நடுவுல யாரும் இருந்ததா தெரியல. இதை எழுத்துல உறுதிப்படுத்த ஏதாவது வழி இருக்கா?

பழையபேப்பர்:

நடுவுல பொறந்து தவறினதுங்க பத்தி யாரும் பேச மாட்டாங்க, அதுல ஆச்சரியம் இல்ல. மெட்ராஸ் மாகாணத்துல 1899லயே பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இருந்துச்சு, கிராமத்துல பதிவேடு எழுதியிருப்பாங்க, எல்லாக் குழந்தையும் ஏறியிருக்காது, ஏறினதும் கரையான் மிச்சம் வச்சிருக்கணும். தாலுகா ஆபீஸ்ல மனு போடுங்க. குழந்தை பேருல தேடச் சொன்னா கிடைக்காது, "பெண்"னுதான் எழுதியிருக்கும். அப்பா பேரு, கிராமம் சொல்லித் தேடச் சொல்லுங்க. 1914 ஆவணி, அதாவது ஆகஸ்ட் செப்டம்பர்ல ஒரு பெண் பிறப்பு. 1921லருந்து 1930 வரைக்கும் இன்னொரு பெண் பிறப்பு. இதுக்கெல்லாம் மேல, 1914க்கும் ஆச்சி பிறந்ததுக்கும் நடுவுல அதே அப்பா பேருல ஒரு பெண் குழந்தை இறப்பு. அந்த இறப்புப் பதிவு கிடைச்சா ஜாதகம் யாருதுங்கற கேள்விக்கு அதுதான் பதில். தேடியும் கிடைக்கலன்னா கிடைக்கலன்னு எழுத்துல வாங்கி வையுங்க.

ட்ரங்குப் பெட்டியில பத்திரம் இருக்குன்னீங்களே, அதையும் ஒண்ணு விடாம படிங்க, எழுதிக் குடுக்கறவங்க வயசு "சுமார்"னு போட்டு எழுதற வழக்கம் உண்டு, ஆச்சி கைநாட்டு வச்ச பத்திரம் ஒண்ணு இருந்தா நடு வயசு ரெக்கார்டுக்கு அதைவிட நல்லது வேற இல்ல.

குற்றாலச்சாரல்:

தாலுகா ஆபீஸ் திங்கக்கிழமை போறேன். ஆச்சியோட அப்பா பேரு பத்திரத்துல ஒரு மாதிரி, ஜாதகத்துல ஒரு மாதிரி எழுதியிருக்கு, பட்டப்பேரு சேந்து வருது. எந்தப் பேருல கேக்கறது?

பழையபேப்பர்:

ரெண்டு பேருலயும் தனித்தனியா மனு குடுங்க, அவரோட அப்பா பேரையும் சேத்து எழுதுங்க, பழைய பதிவுல தகப்பன் பேரைத்தான் இனிஷியலுக்குப் பதிலா எழுதியிருப்பாங்க. ஃப்ளெக்ஸ்காரனை மட்டும் ஒரு வாரம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்க.